கல்யாண மண்டபத்தில் எதற்குக் கல்லாப்பெட்டி?

வாசகர் ஒருவர் கேட்டது:

"என்னோடு வேலை பார்க்கும் புனேக்காரரைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போனேன். மண்டப வாசலில் மேசை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்து பெயர், ஊர், தொகை எழுதிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 'உள்ளே போக டிக்கெட்டா?' என்று கேட்டுவிட்டார். எனக்கு மானமே போயிற்று. கல்யாணத்தை வசூலாக்கும் இந்த மொய்ப் பழக்கம் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? விட்டுத் தொலைத்தால் என்ன?"

ஜூலை 19, 2024, இரவு

நான் கீரமங்கலம் பக்கத்து ஆள். ஆடி பிறந்து மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் ஊரிலிருந்து ஏழு மொய் விருந்துப் பத்திரிகை வாட்ஸப்பில் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியான ஆளும் இல்லை, நடுநிலை இல்லாத ஆளும் இல்லை.

டிக்கெட் என்று கேட்டதில் தப்பில்லை. ஆனால் டிக்கெட் என்றால் காசு கொடுத்தால்தான் சோறு. எங்கள் ஊரில் பந்தியில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் மொய் மேசைக்கு வருவார்கள். எழுதாமல் போனாலும் யாரும் கையைப் பிடிக்க மாட்டார்கள். நோட்டு பிடித்துக்கொள்ளும்.

நோட்டு எப்படி இருக்கும் என்றால், முதல் பக்கத்தில் மூலைக்கு மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி. கீழே விசேஷம், தேதி, இடம். முதல் வரி தாய்மாமனுக்கு. அவர் எழுதும் வரை பேனா காத்திருக்கும். அப்புறம் ஊர் வாரியாக வரிசை. ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பணத்தை எண்ணிப் பாத்திரத்தில் போடுவார். எழுதுகிறவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும், வாய் அடக்கமாக இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கிடைப்பது கஷ்டம்.

ஜூலை 20

ஒரு ரூபாயை விட்டுவிட்டேன். 101, 501, 1001. அந்த ஒன்று எதற்கு என்று அப்பத்தாவிடம் கேட்டபோது, "சைபர்ல முடிச்சா கணக்கு முடிஞ்சு போகும்டா, ஒண்ணு இருந்தா அடுத்ததுக்கு வழி இருக்கும்" என்றது. இப்போது கடையில் விற்கும் மொய்க் கவரிலேயே ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் க்யூஆர் குறியீடே அச்சாகி வந்து செய்தியானது. போனில் அனுப்புகிறவர்களும் 1001 என்றுதான் தட்டுகிறார்கள். கருவி மாறியும் அப்பத்தாவின் ஒரு ரூபாய் மாறவில்லை.

துக்க வீட்டில் மட்டும் எங்கள் ஊரில் அந்த ஒன்று கிடையாது. அது தொடர வேண்டாம்.

ஜூலை 21, ஞாயிறு

மொய் விருந்து என்றால் என்ன என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, பூப்பு நீராட்டு இல்லை. ஒன்றுமே இல்லாமல், மொய் வாங்குவதற்காக மட்டும் வைக்கும் விருந்து. வெளியூர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பது இதற்குத்தான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் இதில்தான் பாசாங்கு குறைவு.

ஆடியில் கல்யாணம் கிடையாது, மண்டபம் காலியாகக் கிடக்கும், விதைப்புக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் வேண்டிய நேரம். அதனால் ஆடி. தனி ஆளாக வைத்தால் சாப்பாட்டுச் செலவு கட்டாது என்று பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு பொது. மொய் மேசை மட்டும் ஆளுக்கு ஒன்று, வரிசையாக. மேசைக்குப் பின்னால் பெயர் எழுதிய தட்டி. யாருக்குச் செய்ய வேண்டுமோ அந்த மேசையில் போய் உட்கார வேண்டியதுதான்.

ஒரு வீட்டுக்காரர் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் வைக்கலாம். இடைப்பட்ட வருஷங்களில் தனக்கு வந்ததையெல்லாம் ஒவ்வொருவர் விருந்திலும் திருப்பிச் செய்துகொண்டே வர வேண்டும். எனக்கு நீங்கள் 1000 செய்திருந்தால் நான் உங்களுக்கு அந்த 1000 பழைய மொய், மேலே 500 புது மொய் என்று செய்வேன். பழையது கழிந்துவிடும். புதியது உங்கள் தலையில் ஏறும். அடுத்த முறை நீங்கள் அந்த 500-ஐக் கழித்து அதற்கு மேல் ஒன்று போடுவீர்கள். யாரும் யாரோடும் கணக்குத் தீர்த்துக்கொள்ளவே முடியாது. தீர்த்துக்கொண்டால் உறவு வேண்டாம் என்று அர்த்தம்.

கையெழுத்து இல்லை, ஜாமீன் இல்லை, வட்டி இல்லை. பெரிய விருந்துகளில் பணம் எண்ணும் இயந்திரம் வைப்பார்கள், வங்கிக்காரர்களே வந்து உட்கார்ந்ததும் உண்டு. கோடியைத் தாண்டிய விருந்துகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. அதைப் படித்துவிட்டு எல்லோரும் கோடீசுவரர் என்று நினைக்க வேண்டாம். அவ்வளவும் திருப்பிச் செய்ய வேண்டிய பணம்.

ஜூலை 23

பேராவூரணிக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். மேலே நான் எழுதிய தோரணை மொய் விருந்தை எங்கள் ஊரே கண்டுபிடித்ததுபோல இருக்கிறதாம். ஒப்புக்கொள்கிறேன். தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிப் பக்கம் பிறந்து, அங்கிருந்து கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, ஆலங்குடி என்று எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் வந்தது. நாங்கள் செய்தது கறியின் அளவைக் கூட்டியது மட்டும்.

உசிலம்பட்டியிலிருந்து ஒருவர்: "எங்க பக்கம் செய்முறைன்னு சொல்வோம். ஒலிபெருக்கியில் வாசித்தால்தான் செய்தது மாதிரி." அந்த ஒலிபெருக்கிதான் வெளியூர்க்காரர்களை ரொம்பப் பயமுறுத்துகிறது என்று நினைக்கிறேன். எங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் உண்டு. ஒரே பெயரில் ஊருக்கு எட்டுப் பேர் இருந்ததால் நோட்டில் அடையாளத்துக்குப் பட்டப்பெயரையும் எழுதி வைப்பார்கள். ஒரு விசேஷத்தில் வாசிக்க உட்கார்ந்த காலேஜ் பையனுக்கு எது பெயர், எது பட்டம் என்று தெரியவில்லை. "ஓட்டைவாய்", "கருவாடு", "கடன்காரன் மகன்" என்று வரிசையாக மைக்கில் வாசித்துவிட்டான். மூன்றாவது ஆள் மேடைக்கே ஏறிவிட்டார். அதோடு மைக் போயிற்று.

ஜூலை 28

"வேறு எங்காவது உண்டா?" என்ற கேள்விக்கு இன்றைக்குத்தான் பதில் கிடைத்தது, அதுவும் கேன்டீனில்.

நான் வேலை பார்ப்பது ஒரகடம் பக்கம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியதிலிருந்து இந்தப் பக்கம் கொரியர்கள் சகஜம். எங்கள் கொரிய மேனேஜரிடம் மொய் நோட்டை விளக்கலாம் என்று அரை மணி நேரம் பீடிகை போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் ஊரில் மேசை ஒன்றா, இரண்டா?" என்றார்.

கொரியாவில் இரண்டாம். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, பெண் வீட்டுக்கு ஒன்று. வெள்ளைக் கவரில் பெயர் எழுதிப் பணம் வைத்துக் கொடுக்க வேண்டும். மேசையில் இருப்பவர் நோட்டில் பதிந்துகொள்வார். தொகை ஒற்றைப்படையில்: முப்பதாயிரம் வோன், ஐம்பதாயிரம், எழுபதாயிரம். லட்சம் என்றால் பரவாயில்லை. துக்க வீட்டுக்கும் கவர் உண்டு. தன் வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பழைய நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் அவர்கள் வீட்டுக்கு வைப்பாராம். அவருடைய அம்மா நோட்டைத் துணி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறார். எங்கள் அம்மா அரிசிப் பானைக்குப் பின்னால்.

கவரைக் கொடுத்ததும் சாப்பாட்டு டிக்கெட் ஒன்று தருவார்களாம்! நம் புனே நண்பர் சோல் நகரத்தில் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் "ஆமாம்" என்றே பதில் வந்திருக்கும்.

ஜூலை 29

மும்பையிலிருந்து ஒரு அக்கா எழுதியிருக்கிறார். மராட்டியர்களிடம் ஆஹேர் என்று கல்யாண அன்பளிப்பு உண்டு, "ஆஹேர் வேண்டாம்" என்று பத்திரிகையிலேயே போடும் அளவுக்கு அது ஊறிய பழக்கம் என்று. அப்படியானால் புனேக்காரர் ஏன் அதிர்ச்சியானார்? நகரத்துப் பிள்ளையாக இருக்கும். சொந்தப் பாட்டியின் நோட்டை அவர் பார்த்திருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 4

எல்லோரும் நான் மொய்க்கு வக்காலத்து வாங்குகிறேன் என்கிறீர்கள். நானும் ஒரு காலத்தில் புரட்சி செய்தவன்தான்.

2009-இல் அத்தை மகன், எனக்கு மச்சான், வீடு கட்டிப் பால் காய்ச்சினார். புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த திமிர். பணமாக மொய் எழுதுவது கேவலம், அன்பளிப்பு என்றால் பொருளாக இருக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிப் போனேன். மொய் மேசைப் பெரியவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை எப்படித் தம்பி எழுதறது?" என்றார். கடைசியில் என் பெயருக்கு நேராக "கடிகாரம் 1" என்று எழுதினார்.

2021-இல் என் மகளுக்குக் காதுகுத்து. மச்சான் குடும்பத்தோடு வந்தார், சாப்பிட்டார், காகிதம் சுற்றிய பெட்டி ஒன்றைக் கொடுத்தார். கடிகாரம். பன்னிரண்டு வருஷம் நோட்டில் காத்திருந்து, பைசா கூடாமல் குறையாமல் கணக்கு நேர் செய்துவிட்டார். அதுவும் நான் கொடுத்த அதே கடிகாரம். அட்டைப் பெட்டியின் மேல் சுற்றிய காகிதம் மட்டும்தான் புதுசு. பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன், இன்று வரை மாட்டவில்லை.

ஆகஸ்ட் 5

மேலே எழுதியதை வீட்டில் படித்துவிட்டார்கள். நாங்கள் கொடுத்தது வட்டக் கடிகாரமாம். பரணில் ஏறிப் பார்த்தேன். இருப்பது சதுரம். "அதே கடிகாரம்" என்றதை வாபஸ் வாங்குகிறேன். மூன்று வருஷமாக ஒரு நல்ல மனிதனைப் பற்றி நாலு பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12

வயநாட்டு நிலச்சரிவுக்காகத் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையில் மொய் விருந்து வைத்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு இலைக்கு அடியில் இஷ்டப்பட்டதை வைக்கலாம், அவ்வளவும் நிவாரணத்துக்கு. நோட்டு இல்லாத மொய். இந்தப் பணம் யாருக்கும் திரும்பி வராது என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கணக்கில் இது மொய்யே இல்லை, தர்மம். ஆனாலும் மக்களைக் கூட்ட அந்தப் பெயர்தானே உதவியிருக்கிறது.

கேரளம் என்றதும் ஒன்று. வடகரை, நாதாபுரம் பக்கத்தில் பணப்பயற்று என்று ஒன்று உண்டு. குறிக்கல்யாணம் என்றும் சொல்வார்கள். நாள் குறித்து அழைப்பு அனுப்பி, டீயும் பலகாரமும் கொடுத்து, வருகிறவர்கள் தரும் பணத்தை நோட்டில் பதிந்து, அடுத்தவர் பயற்றில் கூட்டித் திருப்புவது. அப்படியே எங்கள் மொய் விருந்து, ஆட்டுக்கறி மட்டும் இல்லை. களரிப்பயற்றில் வரும் அதே பயற்று. பணத்தால் போடும் சண்டை என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நம் சொல் மட்டும் என்னவாம்? மொய் என்றால் கூட்டமாகச் சூழ்வது. ஈ மொய்க்கும் அதே மொய்தான்.

ஆகஸ்ட் 18

எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

ஜூலை 21-ஆம் தேதிக் குறிப்பில் வட்டி இல்லாத கடன், ஜாமீன் இல்லாத கடன் என்று பெருமையாக எழுதியிருக்கிறேன். இன்று திரும்பப் படித்தால் பாதி உண்மைதான்.

அண்ணன் 2017 ஆடியில் மொய் விருந்து வைத்தார். வந்ததில் போர் போட்டார், ஓட்டு வீட்டைத் தட்டு வீடாக்கினார். திருப்பிச் செய்யத் தென்னை இருக்கிறது என்ற தைரியம். தேங்காய் மாதிரி ஒழுங்காக வருமானம் தருவது எதுவும் எங்கள் பக்கம் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தது. விடிந்து தோப்புக்குப் போனோம். நூற்று நாற்பது மரத்தில் நின்றது இருபத்தாறு. மற்றதெல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. வரப்பில் உட்கார்ந்து, விழுந்த மரங்களை விரலால் எண்ணிக்கொண்டே இருந்தார்.

தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்க ஐந்து, ஆறு வருஷம். மொய் விருந்து அடுத்த ஆடியே வரும். 2019 ஆடியில் பதினேழு பத்திரிகை வந்தது. அண்ணி நகையை வங்கியில் வைத்தார். போதவில்லை, மேற்கொண்டு வெளியில் வட்டிக்கு வாங்கினோம். வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக்குக் கடன். செய்யாமல் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பத்திரிகை வைத்தவர்களுக்கும் தோப்பு விழுந்துதான் கிடந்தது. அவர்களுக்கு வர வேண்டிய பணத்தில் எங்கள் பங்கும் ஒன்று.

ஒரு சின்னம்மா மட்டும் நேரில் வந்து சொன்னார்: "மரம் நிக்கட்டும்யா, அப்பறம் செஞ்சுக்கலாம்." நோட்டில் அவர் பெயருக்கு எதிரே இன்னும் கழியாமல் இருக்கிறது. அதைக் கழிக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை, பணம் இல்லாமல் இல்லை.

அடுத்த வருஷம் கொரோனா. பந்தலே இல்லை. ஐந்து வருஷம் செய்து முடித்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருந்தவர்கள் கதை இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 19

வருமான வரி கேட்டவருக்கு: ஒருவரின் சொந்தக் கல்யாணத்துக்கு வரும் அன்பளிப்புக்கு வரி இல்லை. மற்றபடி உறவினர் அல்லாதவர்களிடமிருந்து வருஷத்தில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் வருமானத்தில் சேரும். உறவினர் யார் என்று சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் மாமன் மச்சான் இல்லாத ஆளே கிடையாது, அந்தப் பட்டியல் எங்கள் ஊரைப் பார்க்காமல் போட்டது.

செப்டம்பர் 1

சின்னம்மாவைப் பற்றி எழுதியதிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. அப்பா காலத்து நோட்டை ஊரிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லி உட்கார்ந்து எண்ணினேன். 1996, அக்கா கல்யாணம். 412 வரி. நெல் மரக்கால் கணக்கில் கொடுத்தவர்கள் நாலு பேர், வாழைத்தார் இரண்டு, மற்றது பணம். பெண் பெயர் ஒன்பது. ஒன்பது பேரும் புருஷனை இழந்தவர்கள். அதிலும் ஆறு பேர் சொந்தப் பெயரில் இல்லை, இறந்துபோனவரின் "சம்சாரம்" என்று.

ஆடு வளர்த்து, சீட்டுப் போட்டு, சிறுவாடு சேர்த்து அந்த 51 ரூபாயைத் தேற்றியது யார் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நோட்டுக்குத்தான் தெரியாது. முதலில் கேள்வி கேட்டவர் கல்லாப்பெட்டியைப் பார்த்து வெட்கப்பட்டார். எனக்கு வெட்கமாக இருப்பது இது.

செப்டம்பர் 3

பேச்சு எங்கெங்கோ போகிறது. சாப்பிட்ட இலையை மேலிருந்து தன் பக்கம் மடிப்பதா, எதிர்ப்பக்கம் மடிப்பதா என்று நாற்பது பேர் அடித்துக்கொள்கிறீர்கள். விசேஷத்தில் தன் பக்கம், துக்கத்தில் எதிர்ப்பக்கம், எங்கள் ஊரில் அவ்வளவுதான். உங்கள் ஊரில் வேறாக இருந்தால் உங்கள் ஊர் இலை.

மேனேஜரிடம் ஒரு கேதத்துக்குப் போய்விட்டு வந்ததைச் சொன்னபோது அவருக்குப் புரியாமல் போனது மொய் இல்லை. மற்ற நாளில் "போயிட்டு வர்றேன்" என்கிறோம், துக்க வீட்டில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து வந்துவிடுகிறோமே, அதுதான். சொல்லாமல் போனால் தேட மாட்டார்களா என்றார். மாட்டார்கள். நோட்டில் பெயர் இருக்கும் என்றேன்.

செப்டம்பர் 16

நேற்று மச்சான் மகனுக்குக் கல்யாணம். முந்தின நாள் ராத்திரியே போய் அவர்கள் வீட்டில் தங்கினோம். கூடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வட்டக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பதினைந்து வருஷம். பத்து நிமிஷம் முந்தி ஓடுகிறது. "முகூர்த்தம் தவறக் கூடாதுன்னு நான்தான் தள்ளி வச்சிருக்கேன்" என்றார் மச்சான். வீட்டில் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மண்டபத்தில் இப்போது நோட்டு இல்லை. மடிக்கணினியில் தட்டிச் சீட்டு அடித்துக் கொடுக்கிறார்கள். பழைய நோட்டையும் அதில் ஏற்றிவிட்டார்கள் போல. பையன் என் பெயரையும் ஊரையும் தட்டிவிட்டுத் திரையை ஒரு நிமிஷம் பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தான்: "கடிகாரம் ஒண்ணு வரவு, கடிகாரம் ஒண்ணு செலவு, பாக்கி இல்லை. அண்ணே, இப்ப செய்யறது புது மொய்தானே?"

2001 எழுதச் சொன்னேன். சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

சதுரக் கடிகாரத்தைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தாயிற்று. பேட்டரி வாங்க வேண்டும்.